தவறினேன் என்று சொல்ல முடியாத நாவு



இந்த மாதம் தாழ்மையைக் குறித்து எழுதும்படி மூப்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். எழுத உட்கார்ந்து மூன்று நாளாகியும் பேனா ஓடவில்லை. தாழ்மையைக் குறித்துப் பிரசங்கம் பண்ண எனக்குத் தெரியும். மோசேயின் சாந்தகுணம், ஆயக்காரனின் ஜெபம், சீஷருடைய கால்களைக் கழுவின கர்த்தர் என்று ஒரு மணி நேரம் தாராளமாய்ப் பேசலாம். ஆனால் ஒரே ஒரு காரியம் என் கண்முன்னே வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது. "கர்த்தர் அதை என் முன் கொண்டுவந்து நிறுத்தினார்" என்றுதான் எழுத வந்தேன். கை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பது கீழே வாசித்தால் உங்களுக்கே விளங்கும்.

ஊழியத்துக்கு வருமுன் ஒன்பது வருஷம் நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவன். வேலம்பாளையத்து விசுவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தைத்து வந்த பீஸை டேபிளில் விரித்துப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, அளவு சரிதானா என்று பார்ப்போம். குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி டெய்லருக்கே திருப்பி அனுப்புவோம். அவர் தையலைப் பிரித்து மறுபடி தைக்கவேண்டும். ஆல்டர் என்று சொல்வோம்.

அந்த ஒன்பது வருஷத்தில் நான் கண்ட ஒரு காரியம். வேலைக்குப் புதுசாய் வந்த பையன் ஆல்டர் பீஸை வாங்கிக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்து பிரிப்பான். இருபது வருஷ அனுபவம் உள்ளவர்தான் பிரிக்கமாட்டார். "என் தையல்ல குறையா? துணி சரியில்ல. நூல் சரியில்ல. உனக்குப் பார்க்கத் தெரியல." கடைசியில் ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிட்டு அதே பீஸை மறுபடி கட்டுக்குள் சொருகி அனுப்பினவரும் உண்டு. இதைப் பல தடவை பிரசங்கத்தில் உதாரணமாய்ச் சொல்லியிருக்கிறேன். ஜனங்கள் சிரித்து, பிறகு அழுது, அல்லேலூயா சொல்லியிருக்கிறார்கள். நானும் ஸ்டிக்கரைக் கிழித்தவன்தான் என்பது அப்பொழுது எனக்குத் தெரியாது.

அருமையானவர்களே, தேவனுக்கு முன்பாகத் தாழ்மை என்றால் என்ன? முழங்காலில் நிற்பதா? நிற்கத்தான் வேண்டும். நாம் தூசி, சாம்பல் என்று ஆபிரகாமைப்போல அறிக்கையிடுவதா? அதுவும் வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதிருங்கள். தேவனுக்கு முன்பாகத் தாழ்ந்துபோவதில் நமக்கு என்ன நஷ்டம்? அவர் மகா உன்னதமானவர். அவருக்கு முன் தாழ்ந்திருப்பது யாருக்கும் வெட்கமல்ல. இந்த ஊரில் பெரிய எக்ஸ்போர்ட் முதலாளியும் ஞாயிற்றுக்கிழமை "நான் ஒன்றுமில்லை ஆண்டவரே" என்று கண்ணீரோடு சொல்வார். திங்கட்கிழமை ஒரு கைமடிப் பெண், "சார், இந்தக் கணக்கு தப்புங்க" என்று சொல்லட்டும், அப்பொழுது தெரியும். முதலாளியைச் சொல்லுகிறேன் என்று ஊழியக்காரர்கள் சந்தோஷப்படவேண்டாம். நம்முடைய கதைதான் இனி வருகிறது.

2011ஆம் வருஷம் ஜனவரி 28ஆம் தேதியை திருப்பூரில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். நொய்யலில் கழிவுநீர் கலக்கிறதை நிறுத்தாததினால் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் இல்லையென்றால் துணி இல்லை, துணி இல்லையென்றால் கட்டிங் இல்லை, தையல் இல்லை. மதுரை, தேனி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் பல மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பின. எங்கள் சபையில் வாரந்தோறும் உபவாச ஜெபம் வைத்தோம். பட்டறைகள் திறக்கப்படவேண்டும் என்று கதறினோம். (ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே சாயத்தண்ணீரால் நிலம் கெட்டுப்போன விவசாயிகளுக்காக நாங்கள் ஒரு நாளும் ஜெபிக்கவில்லை. அதுவும் ஒரு பெருமைதான் என்று இப்பொழுது தோன்றுகிறது. அது வேறு கட்டுரை.)

அந்த உபவாச ஜெபத்துக்கு ஒரு சகோதரன் வருவார். ஆறு மிஷின் போட்டு, ஷெட் வாடகைக்குப் பிடித்து, ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தவர். மிஷின்கள் ஃபைனான்ஸில் வாங்கினது. வேலை நின்று இரண்டு மாதமாகிவிட்டது. இரண்டு ஓவர்லாக் மிஷினைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். அதை விற்றால் தவணையை ஒழுங்காய்க் கட்டிவிட்டு மீதி நாலு மிஷினைக் காப்பாற்றிக்கொள்ளலாம். "விக்கலாங்களா அய்யா, ஜெபிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார்.

நான் அவர் தலைமேல் கைகளை வைத்தேன். ஆராதனை உச்சத்தில் இருந்தது. என் உள்ளம் அனலாய் இருந்தது. "கர்த்தர் சொல்லுகிறார், ஒரு மிஷினையும் விற்காதே. மூன்று மாதத்துக்குள் உன் மிஷின்கள் இராப்பகலாய் ஓடும்" என்று சத்தமிட்டுச் சொன்னேன். சபை முழுவதும் ஆமென் என்றது. அந்தச் சகோதரன் அழுதார். நானும் அழுதேன். நான் பொய் சொல்ல நினைக்கவில்லை, அவரை ஏமாற்ற நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். அவர்மேல் எனக்கு இருந்த பாரமும், அந்தக் கூட்டத்தின் அனலும், தேவனுடைய சத்தமும் எது எது என்று பிரித்துப் பார்க்க நான் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

அவர் விற்கவில்லை. மூன்று மாதம் போயிற்று, நாலாவது மாதமும் போயிற்று. ஃபைனான்ஸ்காரர்கள் வந்து ஆறு மிஷினையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதோடு நின்றிருந்தால் அது ஒரு தவறு. அதன்பின் நான் செய்ததுதான் பாவம். அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வாய் தானாய்ப் பேசினது: "தம்பி, கர்த்தருடைய வார்த்தை தவறாது. உங்க வீட்டுக்குள்ள ஏதோ ஆகானுடைய பொருள் மறைஞ்சிருக்கு. ஆராய்ஞ்சு பாருங்க." இப்படிச் சொல்லி, ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர் அதற்குப்பின் சபைக்கு வரவில்லை. பின்மாற்றக்காரர் என்று அவர் பெயரை ஜெபக்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். ஆம், அப்படியேதான் எழுதி வைத்திருந்தேன்.

தேவ பிள்ளைகளே, "கர்த்தர் சொன்னார்" என்கிற வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கேட்பதற்கு இதைப்போலத் தாழ்மையான வாக்கியம் இல்லை. நான் ஒன்றுமில்லை, நான் வெறும் குழாய், பேசினது அவரே. ஆனால் இந்த வாக்கியத்தைச் சொன்னவுடன் என்ன நடக்கிறது? "நான் நினைக்கிறேன்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர், "இல்லைங்க அய்யா, கணக்கு இப்படி இருக்குது" என்று சொல்லமுடியும். "கர்த்தர் சொன்னார்" என்றபின் அவர் வாய் அடைபட்டுப்போகிறது. அவர் என்னோடு அல்ல, தேவனோடு எதிர்த்துப் பேசினவராகிவிடுவார். என்னை மறைத்துக்கொள்வதாய்ச் சொல்லி, யாரும் தொடமுடியாத உயரத்தில் என்னை நானே ஏற்றி வைத்துவிட்டேன். சொன்னது நடந்தால் எனக்கு மகிமை. நடக்காவிட்டால் அவருக்கு ஆகான் பட்டம். எந்தப் பக்கம் விழுந்தாலும் நான் தோற்பதில்லை. இப்படி ஒரு தாழ்மையை பரிசேயன்கூட கண்டுபிடிக்கவில்லை.

இது ஒருவனுடைய கதை அல்ல. நம் தென்னாட்டு எழுப்புதலின் சரித்திரத்திலேயே இது இருக்கிறது.

அசூசா தெருவில் 1906ல் அக்கினி இறங்கினதைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு 46 வருஷத்துக்கு முன்னே, 1860ல், நம் திருநெல்வேலிச் சீமையில் எழுப்புதல் உண்டானது. அதில் முன்நின்றவர் ஒரு தமிழர், ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். மிஷன் சம்பளம் வாங்காமல் விசுவாசத்தில் ஊழியம் செய்தவர். கிறிஸ்டியான்பேட்டை என்ற கிராமத்தை உண்டாக்கினவர். அந்த நாட்களில் ஜனங்கள் நடுங்கினார்கள், பாவங்களை அறிக்கையிட்டார்கள், தரிசனம் கண்டார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். ஆண்களும் பெண்களும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அருளப்பன் 1867ல் மரித்தார். அவருடைய நாட்குறிப்புகளை ஜி. எச். லாங் என்ற ஆங்கிலேயர் 1939ல் புத்தகமாக வெளியிட்டதினால்தான் வெளியுலகம் அவரை அறிந்தது.

1870களில் திருவிதாங்கூரிலும் எழுப்புதல் உண்டானது. அங்கே முன்நின்றவர் ஜஸ்டஸ் ஜோசப். பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861ல் ஞானஸ்நானம் பெற்று, பின்பு சர்ச் மிஷன் சங்கத்தின் குருவானவரானவர். வித்துவான் குட்டி என்று அழைக்கப்பட்ட பெரிய பண்டிதர். அவர் எழுதின மலையாளப் பாடல்களைக் கேரள சபைகளில் இன்றைக்கும் பாடுகிறார்கள். அவ்வளவு வரம் பெற்ற மனுஷன். 1875ல் அந்தக் கூட்டத்தாருக்குள் ஒரு தீர்க்கதரிசனம் எழும்பிற்று, இன்னும் ஆறு வருஷத்தில் கர்த்தர் வருவார் என்று. அதைப் பறைசாற்றினார்கள். அநேகர் தங்கள் சபையை விட்டு அவரோடு போனார்கள். 1881ஆம் வருஷம் வந்தது. கர்த்தர் வரவில்லை.

அந்த இரவு அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் விடிந்தபின் இரண்டு வழி அவர்களுக்கு முன் இருந்தது. "நாங்கள் தவறினோம்" என்று ஜனங்களுக்குச் சொல்வது ஒன்று. தீர்க்கதரிசனம் தவறவில்லை, அது வேறு விதமாய் நிறைவேறிற்று, ஒரு புதிய யுகம் பிறந்துவிட்டது என்று விளக்கம் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் போனார்கள். "யுயோமயம்" என்ற பெயரில் தனிக் கூட்டம் ஒன்று உருவானது. எழுப்புதலாய்த் தொடங்கினது ஒரு விளக்கத்தில் போய் முடிந்தது. என் "ஆகானும்" அப்படிப்பட்ட ஒரு விளக்கம்தானே?

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி இருந்தார். கர்த்தருடைய வருகைக்குக் கணக்குப் போட்டு, 1844ஆம் வருஷத்தின் முற்பகுதிக்குள் என்று சொன்னார். அது தவறினபோது, என் கணக்கு பிசகிவிட்டது என்று வெளிப்படையாய் ஒப்புக்கொண்டார். நல்ல காரியம்தான். ஆனால் அதே வருஷம் அக்டோபர் 22 என்று மற்றவர்கள் புதுத் தேதி குறித்தபோது, முதலில் தயங்கிவிட்டுக் கடைசியில் அதற்கும் தலையாட்டினார். அதுவும் தவறிற்று. தாழ்மை ஒருமுறை கற்றுக்கொண்டால் தீர்ந்துபோகிற பாடம் அல்லபோலும். 1992 அக்டோபர் 28ஆம் தேதி நள்ளிரவில் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று கொரியாவில் ஒரு கூட்டத்தார் அறிவித்ததும் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் தலைவரை அதற்கு முந்தின மாதமே மோசடிக்காகக் கைது செய்தார்கள். 1993ல் முதிர்வடைகிற பத்திரங்களை அவர் வாங்கி வைத்திருந்தார்! அவரை விட்டுவிடுவோம், அது வெறும் ஏமாற்று. எனக்குப் பயம் உண்டாக்குகிறது ஏமாற்றுக்காரன் அல்ல. உண்மையாய் அழுது, உண்மையாய் உபவாசித்து, உண்மையாய்த் தவறிவிட்டு, பிறகு அதைச் சொல்லமுடியாமல் போன உத்தமன்தான்.

"அப்படியானால் தீர்க்கதரிசனமே வேண்டாமா பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்வேனா? ஆவியை அவித்துப்போட நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அதைச் சொன்ன அதே இடத்தில் (1 தெசலோனிக்கேயர் 5:19-21) எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படியும் பவுல் எழுதுகிறார். தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கவேண்டும் என்பதும் அவருடைய ஒழுங்குதான் (1 கொரிந்தியர் 14:29). நம் கூட்டங்களில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நிதானிக்கிறவர்கள் எங்கே? ஒரு கைமடி நிதானித்துச் சொன்னால் எந்த ஊழியக்காரன் கேட்பான்?

நாத்தானை நினைத்துப் பாருங்கள். நாம் எல்லாரும் பிரசங்கிக்கிறது 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்து நாத்தானை. ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி, ராஜாவின் முகத்துக்கு நேரே அவன் பாவத்தை எடுத்துக்காட்டின நாத்தான். ஏழாம் அதிகாரத்து நாத்தானைப் பற்றி நான் ஒரு பிரசங்கம்கூட கேட்டதில்லை. தாவீது தேவனுக்கு ஆலயம் கட்ட விரும்புகிறேன் என்கிறான். நாத்தான் ஜெபிக்கவில்லை, ஒரு இரவுகூடக் காத்திருக்கவில்லை. கர்த்தர் உம்மோடு இருக்கிறார், உமது மனதில் உள்ளதைச் செய்யும் என்கிற கருத்தில் உடனே பதில் சொல்லிவிடுகிறான். நல்ல காரியம்தானே, ராஜா பக்தியுள்ளவன்தானே என்று எண்ணியிருப்பான். அன்று ராத்திரியே கர்த்தர் அவனைத் திருத்துகிறார்: அவன் கட்டப்போவதில்லை, அவன் குமாரன் கட்டுவான்.

நாத்தான் என்ன செய்தான்? ஒரு விளக்கம் தேடவில்லை. திரும்ப அரண்மனைக்குப் போனான். நேற்று "கட்டும்" என்று சொன்ன அதே ராஜாவிடம் இன்று "நீர் கட்டுவதில்லை" என்று சொன்னான். ஒரு தீர்க்கதரிசிக்கு இதைவிட அவமானம் உண்டா? அந்த அரண்மனை வாசற்படியை அவன் எப்படி ஏறினான் என்று நான் அடிக்கடி நினைப்பேன். தன் சொல்லைத் தானே பிரித்துப் போட்ட அந்த வாய்தான் பின்னொரு நாளில் தாவீதின் பாவத்தைச் சொன்னது, தாவீதும் கேட்டான். தன் தவறை மறைக்காதவன் என்று ராஜாவுக்கு முன்னமே தெரியும் அல்லவா?

எரேமியா 28ல் அனனியா இதற்கு நேர்மாறு. இரண்டு வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொன்னான். ஜனங்களுக்குத் தேனாய் இருந்திருக்கும். என் "மூன்று மாதம்" அந்த "இரண்டு வருஷத்தின்" தம்பி. எரேமியாவோ, அப்படியே ஆகட்டும் என்றுதான் முதலில் சொன்னான். சண்டைக்கு நிற்காமல் தன் வழியே போனான். கர்த்தருடைய வார்த்தை தன்னிடத்தில் வந்தபின்புதான் திரும்பி வந்தான். வார்த்தை இல்லாதபோது நடந்து போய்விடுவதும் ஒரு தீர்க்கதரிசியின் வேலைதான் என்பதை இந்த மனுஷனிடத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

2013ல் ஒரு நாள் ஞாயிறு பிரசங்கத்துக்காக இந்த ஏழாம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ முறை வாசித்ததுதான். அன்றைக்கு அந்தச் சகோதரனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பிரசங்கக் குறிப்பை மூடி வைத்துவிட்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். வீடு மாறியிருந்தார்கள். ஒரு லைன் வீட்டில் கடைசி அறை. அவர் மனைவி ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் வேறொருவருடைய யூனிட்டில் ஷிஃப்ட் கணக்கில் தைத்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்து, டீ வரும்வரைகூடப் பொறுக்காமல் சொன்னேன். "தம்பி, மிஷினை விக்காதீங்கன்னு சொன்னது கர்த்தர் இல்ல, நான். ஆகான்னு சொன்னதும் நான்தான். என்னை மன்னிச்சிருங்க."

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மிஷின் போனது போகுதுங்க அய்யா. அது என் தலையிலயும்தான் இருக்கு, நானும் யோசிச்சிருக்கணும். நீங்க ஆகான்னு சொன்னப்ப எம் பொண்ணு கதவோரமா நின்னு கேட்டுட்டு இருந்தா. அவளுக்கு அப்ப பதினோரு வயசு. ரெண்டு வருஷமா 'நாமதானா அப்பா, நாமதானா அப்பா'ன்னு கேட்டுட்டே இருந்தாங்க" என்றார்.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். பதின்மூன்று வயசு. அவளிடமும் சொன்னேன். "அன்னைக்கு மாமா சொன்னது தப்பும்மா. உங்க வீட்டுல ஒரு சாபமும் இல்ல." அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் எதிர்பார்த்தது கண்ணீரும் ஒப்புரவாகுதலும் என்று நினைக்கிறேன். அங்கே கண்ணீர் ஒன்றும் இல்லை. டீ குடித்தோம். ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்க அய்யா, இன்னொரு நாள் ஜெபிக்கலாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். எந்தச் சபையில் "கர்த்தர் சொல்லுகிறார்" என்று சத்தமிட்டேனோ, அதே சபையில் "அது நான்" என்று சொன்னேன். சிலர் அழுதார்கள். சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மூப்பர் பிறகு தனியாய் வந்தார். "அவங்க வீட்டுல போய்ச் சொன்னது சரிங்க பாஸ்டர். சபையில சொல்லியிருக்கக் கூடாது. இனிமே நீங்க எது சொன்னாலும் ஜனங்க சந்தேகப்படுவாங்களே" என்றார். நியாயமான கேள்வி. அவர் என்மேல் அன்புள்ளவர். நான் அவருக்குச் சொன்னது: "சந்தேகப்படட்டும்ணே. சந்தேகப்பட்டு அவங்களே வசனத்தை எடுத்து வாசிச்சுப் பார்க்கட்டும்." அவர் முழுசாய் ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். அந்த வருஷத்தில் இரண்டு குடும்பம் வேறு சபைக்குப் போனது. பாஸ்டர் அபிஷேகத்தை இழந்துவிட்டார் என்று ஒரு பேச்சும் இருந்தது. அது என் காதில் விழுந்தபோது நன்றாய் வலித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். தாழ்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அவ்வளவு வலி எங்கிருந்து வந்தது?

இப்பொழுது யாராவது வந்து விற்கலாமா, வாங்கலாமா, பெண் கொடுக்கலாமா என்று கேட்டால், "ஜெபிப்போம்" என்கிறேன். உள்ளத்தில் ஏதாவது பாரம் உண்டானால், "எனக்கு இப்படித் தோணுது, நீங்களும் ஜெபிச்சுப் பாருங்க, கணக்குத் தெரிஞ்சவங்ககிட்டயும் கேளுங்க" என்கிறேன். அநேக நேரம் "தெரியலம்மா" என்பதுதான் என் பதில். சிலர் ஏமாற்றமாய்த் திரும்பிப் போகிறார்கள். பக்கத்துத் தெருவில் பளிச்சென்று பதில் சொல்கிற கூட்டம் இருக்கிறது, அங்கே போகிறார்கள்.

அந்தச் சகோதரன் எங்கள் சபைக்குத் திரும்பி வரவில்லை. குடும்பமாய் வேறொரு ஆராதனைக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆறு மிஷினை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, கொடுக்க என்னிடத்தில் இருக்கவும் இல்லை. சகேயுவின் அதிகாரத்தைப் பிரசங்கிக்க எடுக்கும்போதெல்லாம் அது என் முன் வந்து நிற்கிறது. அனுப்பர்பாளையம் ரோட்டில் சில நாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து டிபன் பாக்ஸோடு சைக்கிளில் எதிரே வருவார். காலை ஊன்றி நிறுத்துவார். "ஸ்தோத்திரங்க அய்யா" என்பார். "ஸ்தோத்திரம் தம்பி. பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்பேன். "நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.